புயலுக்குப் பிந்தைய மூன்று வாரம்: கடைமடை நகராட்சியின் குடிநீரும் கழிவுநீரும்

காவிரிப் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடையில், கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்த ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை ஒரு லட்சம். 2011 கணக்கெடுப்பில் நாகப்பட்டினம் நகராட்சி ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது. குடிநீர் கொள்ளிடம் ஆற்றின் மணலிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. கழிவுநீரில் ஒரு பகுதி செப்டிக் டேங்குகளிலும் உறை இறக்கிய குழிகளிலும் தங்குகிறது. மீதி தெருச் சாக்கடை வழியாக ஏதோ ஒரு வாய்க்காலில் கலக்கிறது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான பணியை இப்போது தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் செய்ய நிதி போதாது. இத்தகைய நகராட்சியின் முன் உள்ள வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதை முதலில் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வர முயல்வதே இக்கட்டுரையின் வேலை.

அலுவலகத்தில் குடிநீருக்கு ஒரு கோப்பும் கழிவுநீருக்கு ஒரு கோப்பும் தனித்தனியே நகர்கின்றன. மேட்டு நிலத்து ஊர்களில் அது பெரிய குற்றமன்று. ஆனால் கார்த்திகை மாதத்தில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே ஊற்றுக் கண் திறக்கும் கடைமடையில், கழிவறைக் குழிக்கும் அடிபம்புக்கும் இடையே இருப்பது சில அடி ஈர மண் மட்டுமே. ஆகவே இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

பருவநிலை மாற்றம் இப்பகுதிக்கு எந்த வடிவில் வருகிறது என்பதைச் சராசரி மழையளவைப் பார்த்து அறிய முடியாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. பாசனத்துக்காக மேட்டூர் அணை 2019இல் ஆகஸ்ட் 13 அன்றுதான் திறக்கப்பட்டது. 2022இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. ஜூன் 12 என்ற வழக்கமான தேதியை நம்பி நாற்று விடுகிறவருக்கு இருக்கும் அதே கலக்கம், ஆற்று மணலின் ஊற்றை நம்பி மோட்டார் போடுகிறவருக்கும் உண்டு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது நீளக் காய்வதும் இனி விதிவிலக்காக இரா. உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையே சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது; 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் உயர்ந்தது. மேடான ஊருக்கு இது சிறிய எண். வயல்மட்டமே கடல்மட்டத்தை ஒட்டியிருக்கும் ஊருக்கு அப்படியன்று.

எனவே ஒரு திட்டம் நல்ல நாளில் எத்தனை லிட்டர் தரும் என்பதை அளவுகோலாகக் கொள்ளாமல், மோசமான மூன்று வாரத்தில் அது எப்படிப் பழுதாகும், பழுதானதை உள்ளூர் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் எத்தனை நாளில் மீட்க முடியும் என்பதை அளவுகோலாகக் கொள்கிறேன். கஜாவுக்குப் பின் சில ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. நிலத்தடியிலும் தொட்டியிலும் தண்ணீர் இருந்தும் அதை ஏற்ற வழியில்லாமல், வாடகை ஜெனரேட்டர் தெருத்தெருவாகச் சென்றது. மூன்று வாரம் என்ற கணக்கு அந்த அனுபவத்திலிருந்து எடுத்தது.

குடிநீருக்கு முதல் வழி, இருக்கிற கொள்ளிடத் திட்டத்தையே பெரிதாக்குவது: ஆற்றில் மேலும் கிணறுகள், இரண்டாவது பிரதானக் குழாய், வழியில் மேலும் நீரேற்று நிலையங்கள். ஆற்று மணல் இயற்கையான வடிகட்டி. கொள்ளிடத்துக் கிணற்று நீருக்குக் குளோரின் மட்டுமே போதும் என்ற நிலை நீண்டகாலம் இருந்திருக்கிறது. செலவும் இதில்தான் குறைவு. காவிரியில் தண்ணீரே இல்லாதபோது எங்கிருந்து எடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு ஓராண்டுக்கு வேண்டியது 0.17 டி.எம்.சி. மட்டுமே (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றது 177.25 டி.எம்.சி. ஆகவே அளவு ஒரு தடையன்று. அந்தச் சிறு அளவு நூறு கிலோமீட்டர் கடந்து வரும் பாதையில்தான் எல்லா அபாயமும் இருக்கிறது.

பாதையைப் பார்ப்போம். கொள்ளிடம் வெள்ளத்தை வாங்குவதற்கென்றே உள்ள ஆறு. அணைகள் நிரம்பி உபரி வரும் நாட்களில்தான் அதன் மணல் முழுமையாக ஊறும். பல ஆண்டுகளாக மணல் அள்ளப்பட்டு, மேலணைகளால் புது வண்டலின் வரவும் குறைந்துவிட்டதால், படுகை தாழ்ந்து, கிணறு உறிஞ்சும் ஈர மணலின் கனம் குறைகிறது. வறண்ட ஆண்டில் ஊற்று இறங்குகிறது. வெள்ள ஆண்டில் அதே ஆறு அரித்துக்கொண்டு ஓடுகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் ஓரிரவில் அடித்துச் செல்லப்பட்டபோது, ஆற்றுக்குள் நிற்கும் எந்தக் கட்டுமானமும் அசையாதது என்ற எண்ணம் போய்விட்டது. இதற்கு மேல், வழியிலுள்ள ஒவ்வொரு நீரேற்று நிலையமும் மின்சாரத்தை நம்பி நிற்கிறது. ஒன்று நின்றால் அதற்குக் கீழே உள்ள அனைத்தும் நிற்கும். இரண்டாவது குழாய் போட்டாலும் அதே ஆறு, அதே மின்பாதை, அதே புயல்தான். ஒரே கயிற்றை இரண்டாக முறுக்குவதால் அது இரண்டு கயிறாகிவிடாது.

ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை போன்றவை கொள்ளிடத்தில் உப்பு ஏறுவதைத் தடுத்து, சுற்றுவட்டார நிலத்தடி நீரைத் தாங்கிப் பிடிக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மாநிலத்தின் கையில் உள்ள பணி; நகர்மன்றத் தீர்மானத்தால் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இரண்டாவது வழி கடல்நீரைக் குடிநீராக்குவது. சென்னையில் மீஞ்சூர் நிலையம் 2010இலும் நெம்மேலி நிலையம் 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் திறனோடு இயங்கத் தொடங்கின. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. 2016–17 போன்ற வறட்சியில் இவ்வழிக்கு நிகர் வேறில்லை. மேட்டூரில் எத்தனை அடி என்று பார்க்காமல் தண்ணீர் வரும். கடைமடைக்காரரின் காதுக்கு அது எவ்வளவு இனிமையான சொல் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நகராட்சியின் நாளொன்றுக்கான 1 கோடியே 35 லட்சம் லிட்டரையும் இவ்வாறே எடுப்பதானால், தினமும் ஏறத்தாழ 47,000 யூனிட் மின்கட்டணம் கட்ட வேண்டும். சொத்து வரி பாக்கியை வசூலிக்கவே திணறும் நிர்வாகம் அதை எத்தனை மாதம் தாங்கும்? புயல் வந்தால் நிலையம் நிற்கும் இடம் கடற்கரையே; மின்சாரம் போனால் முதலில் நிற்பதும் அதுவே. வெள்ளக் காலத்தில் ஆற்று முகத்துவாரங்கள் சேறும் சகதியுமாகக் கடலைக் கலக்கும்போது உப்பை வடிகட்டும் சவ்வுகள் அடைத்துக்கொள்ளும். எடுக்கும் நீரில் பாதிக்கும் மேல் ஏறத்தாழ இருமடங்கு உப்போடு திரும்பக் கடலுக்கே போகிறது என்பதை மீனவக் கிராமங்களுக்கு யார் சென்று விளக்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. மாவட்ட அளவில் பல ஊர்கள் சேர்ந்து, வறட்சிக்கென்று வைத்திருக்கும் நிலையமாக இது பொருந்தலாம். தனி நகராட்சி ஒன்றுக்கு இது யானை கட்டித் தீனி போடும் வேலை.

மூன்றாவது வழியைப் பலர் பழங்கதை என்று ஒதுக்குகிறார்கள்: ஊருக்குள் இருக்கும் குளங்களும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத மணற்பாங்கான நன்னீரும். “கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி” என்று திருவாரூரைப் பற்றிச் சொல்லும் வழக்கு (வேலி என்பது பழைய நில அளவு) பெருமைக்கு மட்டும் சொன்னதன்று. ஊரின் பரப்பில் தண்ணீருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற நில ஒதுக்கீடும் அதில் இருக்கிறது. தஞ்சையில் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் மண்குழாய் வழியே சிவகங்கைக் குளத்துக்கும் அங்கிருந்து நகருக்குள்ளும் வந்த ஏற்பாட்டை ஜலசூத்திரம் என்றார்கள்.

ஆனால் குளத்தை நம்பி அன்றாடம் 135 லிட்டர் கொடுக்க இயலாது. அதைச் சொல்லித்தான் இவ்வழி ஒவ்வொரு கூட்டத்திலும் தள்ளிவைக்கப்படுகிறது. கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். இடரின்போது குடிக்கவும் சமைக்கவும் அடிப்படைத் தூய்மைக்குமாகத் தலைக்கு 20 லிட்டர் என்றால், ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர் வேண்டும். பத்து ஏக்கர் குளத்தில் இரண்டு மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 8 கோடி லிட்டர். ஆவியாதல், கசிவு, அடிச்சேறு என்று பாதியைக் கழித்தாலும் 4 கோடி மிஞ்சும். அது இருபது நாளுக்குப் போதும். நாம் கேட்ட மூன்று வாரம் இதில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. மணல் வடிகட்டியும் குளோரின் தொட்டியும் ஒரு ஜெனரேட்டரும் இருந்தால் உள்ளூர் ஆட்களே இதை ஓட்டலாம்.

குளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலின் பழைய விதி. அந்த ஓரடியை இழந்தால் நாற்பதடியையும் இழக்கிறோம். கடல் ஓரடி ஏறி ஊற்று மட்டம் ஏறாவிட்டாலும் விளைவு அதுவே. நிரம்பிய குளம் அந்த ஓரடியைத் தாங்குகிறது. தூர்ந்த குளத்தின் கரையில் ஆழ்துளைக் கிணறு இறக்குகிறவர் எதிர்த்திசையில் வேலை செய்கிறார். டெல்டாவில் நிலத்தடி நீர் இருப்பதைக் கணக்கில் கொண்டே உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழகத்தின் பங்கில் 10 டி.எம்.சி.யைக் கழித்தது, தீர்ப்பில் கணக்காகிவிட்ட அந்த நீரை நாம் உப்பாக விட்டால் இரண்டு முறை இழந்தவர்களாவோம். இவ்வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. 2004 ஆழிப்பேரலை கடலோரக் கிணறுகளையும் குளங்களையும் உப்பாக்கியது; ஆகவே கரையை ஒட்டிய குளத்தை இருப்பாகக் கொள்ள முடியாது, மேட்டுப் பக்கக் குளங்களே ஏற்றவை. வரத்து வாய்க்காலை மீட்பதற்கு ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். அது பொறியியலைவிடக் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, குளத்தில் இன்று சாக்கடை இறங்குகிறது. இங்கேதான் இரண்டாவது கோப்பு திறக்கிறது.

கழிவுநீருக்கு நகர்மன்ற உறுப்பினர் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பாதாள சாக்கடைதான். தெருவில் நாற்றமில்லை, கொசுவில்லை, பெரிய ஊர் என்ற பெயரும் வரும். அந்த ஆசையை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் சமதளத்தின் கணக்கு இரக்கமற்றது. 200 மி.மீ. குழாயில் கசடு தங்காமல் ஓட வேண்டுமானால் ஏறத்தாழ 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு வேண்டும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் நான்கு மீட்டர் இறங்கிவிடும். தரையோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே சரிகிறது. அந்த ஆழம் முழுவதும் ஊற்று நீருக்குள் இருக்கிறது. ஆகவே ஊர் முழுவதும் கழிவுநீரேற்று நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், ஒவ்வொன்றும் மழைக்காலத்தில் மூழ்கும் அபாயம். இணைப்புகள் சற்றே விலகினாலும் ஊற்று நீர் உள்ளே புகும். மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். மேலே சாலை உள்வாங்கும். மயிலாடுதுறையில் பாதாள சாக்கடைக் குழாய் உடைந்து சாலைகள் திரும்பத் திரும்பப் பள்ளமானது செய்தித்தாள் படிக்கிற அனைவரும் அறிந்ததே. கடலோரத்தில் புகும் ஊற்றுநீர் உப்பாக இருந்தால், சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்கள் தடுமாறும். கடல்நீரிலுள்ள சல்பேட், தேங்கிய சாக்கடையில் ஹைட்ரஜன் சல்பைடாகி, கான்கிரீட்டை அரிக்கும். வெப்பம் கூடக் கூட அந்த வாயு கூடும். மேன்ஹோலுக்குள் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பிறகும் அப்படி இறக்கப்படுகிறவர்களைக் கொல்வது இந்த வாயுதான்.

இதோடு முதல் கோப்புக்குத் திரும்பும் ஓர் இழையும் இருக்கிறது. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியில், குழாய்க் குடிநீர் உண்டு, பாதாள சாக்கடை இல்லை என்ற ஊருக்குத் தலைக்கு 70 லிட்டர். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு 135 லிட்டர். வேறுபாட்டின் காரணம் எளிது: குழாயில் கசடை அடித்துச்செல்லத் தண்ணீர் வேண்டும். ஆகவே பாதாள சாக்கடைக்குக் கையெழுத்திடும் நகராட்சி, அதே மையால் கொள்ளிடத்திலிருந்து ஏறத்தாழ இருமடங்கு நீருக்கும் கையெழுத்திடுகிறது. 2016 போன்ற ஆண்டில் அந்த நீர் வராவிட்டால், குடத்தோடு மக்கள் நிற்பது ஒருபுறமிருக்க, சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு தொடர்பை மட்டும் வைத்தே இரு கோப்புகளையும் பிரித்துப் பார்ப்பதை நிறுத்தலாம்.

இரண்டாவது வழி, செப்டிக் டேங்குகளை ஏற்றுக்கொண்டு, கசடை ஒழுங்காக லாரியில் எடுத்துச் சுத்திகரிப்பது. தமிழகத்தில் இதற்கு 2014இலேயே வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கருங்குழியில் தனிக் கசடு சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. ஒரு லட்சம் பேருக்கு 25,000 வீடுகள் என்று கொண்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் காலி செய்தால், ஆண்டுக்கு 300 வேலைநாளில் தினம் 28 வண்டிகள். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் கையாளும் நிலையத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. இதைத் தொடங்க ஈராண்டு போதும். ஒரு லாரி பழுதானால் இன்னொன்று ஓடும். ஆயினும் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. லாரி எடுப்பது அடியில் தங்கிய கசடை மட்டுமே. அன்றாடம் வழியும் நீர் உறிஞ்சு குழிக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் குழியைச் சுற்றிலும் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும்போது அது எதை உறிஞ்சும்? வழிந்தது குளத்துக்கும் அடிபம்புக்கும் போகிறது. 2022 சீர்காழி மழை போன்ற நாளில் தொட்டிகள் நிரம்பிப் பின்னோக்கிக் கழிவறைக்குள் வரும். ஊர் முழுவதும் ஒரே நாளில் லாரியைக் கூப்பிடும். லாரி வரச் சாலை இராது.

இந்த ஓட்டையை அடைப்பது மூன்றாவது வழி. செப்டிக் டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வழியும் தெளிநீரை மட்டும் சிறு குழாயில், தெருவோரத்தில் மூன்றடிக்குள், வார்டு மட்டத்திலேயே ஒரு சிறு நிலையத்துக்குக் கொண்டுபோவது. கசடு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் செங்குத்துச் சரிவு தேவையில்லை, அடித்துச்செல்லக் கூடுதல் தண்ணீரும் தேவையில்லை. சரளைக்கல்லும் கோரையும் வளர்த்த படுகைகளில் இந்நீரைத் தெளிய வைக்கலாம். மின்சாரம் ஏறக்குறைய வேண்டாம், ஆனால் இடம் வேண்டும். ஒரு வார்டு நின்றால் மற்றவை நிற்பதில்லை என்பதே நம் அளவுகோலில் இதன் முதல் மதிப்பெண். இதன் பலவீனம் மனிதர்களிடத்தில் இருக்கிறது: தொட்டியைக் காலத்தில் காலி செய்யாவிட்டால் கசடு சிறு குழாயில் ஏறி அடைத்துவிடும், ஆகவே லாரி ஏற்பாடு இல்லாமல் இது ஓராண்டுகூட நிற்காது. படுகைக்கு இடம் தேடும்போது, நகராட்சிக்கு எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாதவர்களின் குடியிருப்பு ஓரம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை அனுமதித்தால் திட்டம் முறையானதாக இராது.

வெள்ளநீர் வடிகால் இந்த ஒப்பீட்டின் வெளியே நிற்கிறது. ஆனால் ஒரு வார்த்தை. ஆற்றில் வெள்ளமும் கடலில் ஏற்றமும் சேர்ந்த நாட்களில் “கடல் தண்ணீரை வாங்கவில்லை” என்று மீனவர்களும் விவசாயிகளும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு முதலியவற்றை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் சீரமைத்ததன் நோக்கத்தில் இதுவும் ஒன்று. கடல் வாங்காத நாளில் நகரின் எந்தக் கழிவுநீர்க் குழாயும் வெளியேற்றப் போவதில்லை. எனவே எல்லாக் கழிவையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோய் ஒரே வாயில் வெளியே தள்ளும் ஏற்பாடு அந்த நாளில்தான் முதலில் தோற்கும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் ஈராண்டில் கசடு லாரிகளும் கசடு சுத்திகரிப்பு நிலையமும், அதற்கு முன்பே வீடுவீடாகத் தொட்டிக் கணக்கெடுப்பும். அதே காலத்தில் மேட்டுப் பக்கக் குளம் ஒன்றை வரத்து வாய்க்காலோடு மீட்டு, வடிகட்டியும் ஜெனரேட்டரும் அமைத்து, அந்தக் குளத்தைச் சூழ்ந்த வார்டுகளில் முதலில் சிறு குழாய் இணைப்பைத் தருவது. கொள்ளிடத் திட்டத்தில் இரண்டாவது குழாய் வேண்டாம். இருக்கும் குழாயின் கசிவை அடைப்பதும், நீரேற்று நிலையங்களின் மின்பலகையை 2022 வெள்ளக் குறிக்கு மேலே உயர்த்துவதும் போதும். பாதாள சாக்கடையை முழுக்க மறுக்கவில்லை: சுவரோடு சுவர் ஒட்டிய பழைய கடைத்தெருவிலும் சன்னதித் தெருக்களிலும் செப்டிக் டேங்குக்கு இடமேயில்லை; அங்கே அதுவே வழி. அந்தச் சிறு பரப்புக்கு மட்டும் போட்டால், ஓரிரு நீரேற்று நிலையங்களோடு முடியும்.

இந்த வரிசையில் பெரிய திறப்பு விழாவுக்கு இடமில்லை. ஒப்பந்தத் தொகைகளும் சிறியவை. எனவே இதற்கு ஆதரவாளர் குறைவாகவே இருப்பர் என்பதை அறிந்தே எழுதுகிறேன். இரண்டு நிலைகளில் என் முடிவு மாறும். குளத்தைச் சுற்றி அமைக்கும் கண்காணிப்புக் கிணறுகளில் சித்திரை மாத உப்பளவு மூன்றாண்டு தொடர்ந்து ஏறுமானால், குளத்து இருப்பின் மேல் வைத்த நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு, மாவட்ட அளவிலான கடல்நீர் நிலையத்தில் பங்கு கேட்க வேண்டிவரும். தொட்டிகளைக் காலி செய்யும் கால அட்டவணையை நகராட்சி முதல் மூன்றாண்டில் பாதிக்குமேல் தவறவிட்டால், சிறு குழாய்த் திட்டத்தை அடுத்த வார்டுக்கு நீட்டிக்கக் கூடாது. இந்த இரு அளவீடுகளையும் ஒவ்வோராண்டும் ஆனி மாதத்துக்குள், மேட்டூர் திறப்பைப் பற்றிப் பேசுகிற அதே கூட்டத்தில், நகர்மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது.